மூன்றாவது மணி நேரத்திலும் பிடிக்கிற சைலன்சர்

திருவல்லிக்கேணியில் இருபத்திரண்டு வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, தெருமுனைக் கூட்டம், மார்கழி வந்தால் ஒரு சின்னச் சபாவில் கச்சேரி. பாக்ஸும் ஆம்ப்ளிஃபயரும் டாட்டா ஏஸில் முன்னால் போகும். நான் பின்னாலேயே 2014 மாடல் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 பைக்கில் போவேன். வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் பந்தல் போடுகிற பையன்களிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "அண்ணே, என்ன சைலன்சர் போட்டிருக்கீங்க? சத்தம் நல்லா இருக்கே." நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

2016-இல் நானும் மாற்றினேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடை. கடைக்காரர் மாட்டிக் காட்டிவிட்டு ஆக்சிலேட்டரை மூன்று முறை முறுக்கினார். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தவில் அடித்த மாதிரி இருந்தது. 3,800 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டேன். குட்டையான குழாய், உள்ளே தடுப்பு எதுவும் கிடையாது. இரண்டு மாதம் ஆசை ஆசையாக ஓட்டினேன்.

அந்த வருஷ டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு பாண்டிச்சேரிக்குப் போய்வந்தேன். ஈ.சி.ஆர். வழியாகப் போக 150 கிலோமீட்டர், வர 150. மறுநாள் சாயங்காலம் சபாவில் கச்சேரி. வயலின் மைக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் வேலை பார்க்கிற பையன் மேடைப் பக்கத்திலிருந்து ஓடிவந்தான். "அண்ணே, விசில் அடிக்குது, கேக்கலையா?" கேட்கவில்லை. அவன் கை வைத்து அந்தக் குமிழைக் குறைத்தபோதும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுமார் 4,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 4,000 அதிர்வில், வருகிற விசில் அது. பிடித்து அடக்குவதுதான் என் தொழில்.

இரண்டு நாளில் காது தெளிந்தது. ஆனாலும் பயந்துபோய் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். பரிசோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் கோட்டுக்கு நேராக இடது காதில் ஒரு பள்ளம். இரைச்சலால் காது கெடும்போது அந்த இடத்தில்தான் முதலில் கெட ஆரம்பிக்கும், உள்காதில் செத்துப்போன செல் மறுபடி முளைக்காது என்றார். அதில் என் ஸ்பீக்கர்களுக்கும் பங்கு உண்டு, ஹெல்மெட் காற்றுக்கும் பங்கு உண்டு. சைலன்சருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றில் நானே காசு கொடுத்து வாங்கி மாட்டியது அது ஒன்றுதான்.

இன்னொன்றும் நடந்தது, அதை மனைவிதான் சொன்னாள். "என்னங்க, முன்னெல்லாம் வண்டியில பேசிக்கிட்டே போவோம். இந்த ரெண்டு மாசமா நீங்களும் பேசல, நானும் பேசல." உண்மைதான். அடையாறு தாண்டுவதற்குள் அவளுக்குத் தொண்டை வலித்துவிடும்.

சத்தம் ஒன்றல்ல, இரண்டு

நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் எஞ்சின், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை வெடிக்கும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 25 வெடி. 4,000 சுற்றில் நொடிக்கு 33. எங்கள் பாஷையில் அது 25 ஹெர்ட்ஸ், 33 ஹெர்ட்ஸ். நல்ல சப்-ஊஃபரே திணறுகிற அடி பேஸ். அதன் மடங்குகளாக 50, 75, 100 என்று அடுக்கடுக்காக மேலே போகும். இதற்கு மேல் தனியாக இன்னொரு சத்தம் இருக்கிறது, படபடவென்று வெடிக்கிற கூர்மையான சத்தம். மிருதங்கத்தில் கனமாகப் பேசுகிற இடப்பக்கத் தொப்பியும் கூர்மையாகப் பேசுகிற வலப்பக்க வலந்தலையும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நம்மை மயக்குவது இரண்டும் சேர்ந்த கலவை. தெருக்காரர்களை எழுப்பிவிடுவது பெரும்பாலும் வலந்தலை. ஓட்டுகிறவனின் தலையைக் கனக்கவைப்பது தொப்பி.

இதைப் புரிந்துகொண்டால் சைலன்சருக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதும் புரியும். சத்தத்தை அடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று அறைகள். புகையை ஓர் அறைக்குள் விட்டு, சின்னக் குழாய் வழியாகத் திருப்பி அடுத்த அறைக்கு அனுப்பினால், அலையோடு அலை மோதி ஒன்றை ஒன்று அழிக்கும். கம்பெனியிலிருந்து வருகிற சைலன்சர் அனேகமாக இந்த வகை. அடி பேஸை அடக்குவதில் இதுதான் கெட்டிக்காரன். இன்னொன்று கிளாஸ்வுல், அதாவது கண்ணாடி இழை. ஓட்டை போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி திணித்திருப்பார்கள். ரெக்கார்டிங் அறைச் சுவரில் ஒட்டுகிற மெத்தை செய்கிற வேலையை அது செய்யும். கூர்மையான சத்தத்தைத் தின்றுவிடும், அடி பேஸை அப்படியே வெளியே விட்டுவிடும். "பேஸ் செமயா இருக்கு" என்று நாம் வாங்குகிற சைலன்சரில் பேஸ் புதிதாகப் பிறப்பதில்லை. கம்பெனி அடக்கிவைத்திருந்ததை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடி பேஸ் கொஞ்ச நேரம் கேட்கச் சுகமாக இருக்கும். ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் போகும்போதுதான் அதன் குணம் தெரியும். ஊஊஊ என்று ஒரே சுருதியில் ஹெல்மெட்டுக்குள் நின்றுவிடும். அதோடு டேங்க், சீட், ஃபுட்ரெஸ்ட் வழியாக உடம்புக்குள்ளும் ஏறும். இறங்கிய பிறகு காரணம் தெரியாமல் எரிச்சல் வரும், டீக்கடையில் சம்பந்தமில்லாமல் கத்துவோம்.

மீட்டரை எப்படிப் படிப்பது

செல்போன் ஆப்பில் டெசிபல் பார்த்துவிட்டு "85-தான் காட்டுது" என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாதாரண டெசிபல் மீட்டர் 'ஏ' எடையில் அளக்கும். மனிதக் காது அடி பேஸை மட்டாகத்தான் கேட்கும் என்பதால், 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலும் 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலும் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அதாவது உங்களைக் களைப்பாக்குகிற சத்தத்தையே பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடும். அடி பேஸை அவ்வளவாகக் கழிக்காத 'சி' எடை என்று ஒன்று ஆப்பில் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். 'ஏ'-யிலும் 'சி'-யிலும் எண் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேஸ் குறைவு. 'சி' எகிறிப் போனால் அந்த சைலன்சர் நெடுந்தூரத்துக்கு ஆகாது. செல்போன் மைக் அடி பேஸை முழுசாகப் பிடிக்காது என்பதால் இது ஒரு குத்துமதிப்புதான். ஒரே போனை வைத்து ஒரே இடத்தில் இரண்டு சைலன்சரை ஒப்பிட அது போதும்.

தூரமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். சட்டம் சொல்கிற எண்ணை 7.5 மீட்டர் தள்ளி, வண்டி ஓடிக் கடக்கும்போது அளப்பார்கள். 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. சைலன்சர் வாயில் போனை நீட்டிக் கிடைக்கிற எண்ணை இந்த 80-உடன் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

காதுக்கான கணக்கு வேறு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் நாலு மணி, 91-இல் ரெண்டு மணி, 94-இல் ஒரு மணி, 100-க்குப் போனால் கால் மணி. ஹைவேயில் 100 கி.மீ. வேகத்தில் போனால் ஹெல்மெட்டைச் சுற்றுகிற காற்று மட்டுமே 90 டெசிபலைத் தாண்டும். நம் ஒதுக்கீட்டைக் காற்றே தின்றுவிடுகிறது, சைலன்சருக்குக் கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை.

அதனால்தான் சைலன்சரில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். மருந்துக் கடையில் விற்கிற ஃபோம் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்குங்கள். உருட்டி, காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதோடு அக்கரையிலிருந்து மாமல்லபுரம்வரை ஒரு முறை போங்கள். வழக்கமான களைப்பு காணாமல் போனால் உங்கள் எதிரி காற்று. நல்ல ஹெல்மெட்டில் போடுங்கள் அந்தக் காசை. காதடைப்பான் போட்ட பிறகும் நெஞ்சிலும் பல்லிலும் அதிர்வு தங்கினால் எதிரி சைலன்சர், அல்லது எஞ்சின் அதிர்வு. நான் இன்று வரை ஈ.சி.ஆரில் காதடைப்பான் இல்லாமல் ஏறுவதில்லை. ஹார்ன் கேட்கும், பயப்பட வேண்டாம். நகருக்குள் போடுவதில்லை.

வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரிபார்ப்பது

பந்தல் பையன்கள் கேட்கிற "நல்ல சத்தம்" எங்கிருந்து வருகிறது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் இருப்பது ஒரிஜினல் சைலன்சர். 2017 தை மாதத்தில் அந்தக் குட்டைக் குழாயைக் கழற்றிவிட்டேன். பழைய ஒரிஜினலைக் கடையிலேயே விட்டுவந்திருந்தேன், அதனால் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு வசதி உண்டு. புது வண்டி எடுத்த வாரமே சைலன்சரை மாற்றுகிறவர்கள் கழற்றிப் போட்டதெல்லாம் சுற்றிச் சுற்றி அந்தச் சந்துகளுக்கு வந்து சேரும். தேடினால் கிட்டத்தட்டப் புதுசாகவே கிடைக்கும். உதறிப் பாருங்கள், உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் உள்தகடு விட்டுப்போயிருக்கிறது. அடிப்பக்க வெல்டிங்கைப் பாருங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பில் கேளுங்கள். பில் தர மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள், அது யாருடைய வண்டியிலிருந்து வந்ததோ.

எங்கள் மெக்கானிக் பாய் அதை மாட்டும்போது, எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வருகிற பெண்ட் பைப்பையும் கழற்றி, எஞ்சின் வாயில் கசிவை அடைக்கிற கேஸ்கெட் வளையம் புதிதாகப் போட்டார். பழையது ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது. "அண்ணே, இவ்ளோ நாள் நீங்க கேட்டது சைலன்சர் சத்தம் இல்ல, லீக்கு சத்தம்," என்றார். அன்றிலிருந்து வண்டியின் சத்தமே மாறிவிட்டது, திறந்த தொண்டை மாதிரி தும் தும் என்று. பல பேர் தங்கள் வண்டியின் சத்தம் பிடிக்காமல் சைலன்சர் மாற்றப் போகிறார்கள். பிடிக்காத சத்தம் பாதி நேரம் கேஸ்கெட் லீக், தளர்ந்த கிளாம்ப், செயின் கவர், டேங்க் ரப்பர் இதில் ஏதோ ஒன்றிலிருந்துதான் வரும். காலையில் எஞ்சின் ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இணைப்புகளுக்குப் பக்கத்தில் காது கொடுங்கள். டிக் டிக் என்று கேட்டாலோ கறுப்பாகப் புகைப்படிவு தெரிந்தாலோ அங்கே லீக். நூறு ரூபாய் கேஸ்கெட்டில் முடிகிற வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள்.

அதற்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால்

அக்கா பையன் 2022-இல் புது கிளாசிக் எடுத்தான். "சத்தத்துல உப்பே இல்ல மாமா" என்று ஒரே புலம்பல். அவனோடு நாலு கடை ஏறி இறங்கினேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

பெயரை நம்பாதீர்கள். கோல்ட் ஸ்டார், லாங் பாட்டில், இந்தோரி, பஞ்சாபி என்று கடையில் பெயர்கள் அடுக்குவார்கள். அவை பெரும்பாலும் வெளி உருவத்தின் பெயர்கள். கோல்ட் ஸ்டார் என்பது பி.எஸ்.ஏ. கம்பெனியின் பழைய பைக் ஒன்றின் பெயர், அதன் சைலன்சர் உருவத்தைப் பார்த்துச் செய்தது. ஒரே உருவத்தைப் பத்துப் பேர் செய்கிறார்கள், பத்துக்குள்ளும் வேறு வேறு சாமான். போன் டார்ச்சை ஒரு முனையில் வைத்து மறு முனையில் கண் வையுங்கள். வெளிச்சம் நேராக வந்தால் நேர்க்குழாய். பக்கவாட்டில் சல்லடை ஓட்டை தெரிந்தால் கிளாஸ்வுல் இருக்க வாய்ப்பு. ஒரு சைக்கிள் கம்பியை ஓட்டை வழியாக மெல்லக் குத்திப் பாருங்கள், மெத்தென்று இருக்க வேண்டும். இரும்பில் டங்கென்று இடித்தால் பஞ்சே வைக்கவில்லை. வெளிச்சம் வராமல் தகடு மறித்தால் அறை வகை. தூரம் போகிறவர்களுக்கு அறை வகையையே சொல்வேன். உடல் பருமனும் நீளமும் கூடக்கூட அடி பேஸ் அடங்கும். குட்டைச் சைலன்சரில் அதற்கு இடமே இல்லை.

வாயில் செருகுகிற டிபி கில்லர் என்ற சின்னத் தடுப்பு இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். கழற்றிக் காட்டிவிட்டு விற்கிற கடையில், போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

"பேக் பிரஷர் குறைஞ்சா பிக்கப் ஏறும்" என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். பேக் பிரஷர் என்பது வெளியேறுகிற புகைக்கு எதிராக நிற்கிற அழுத்தம், அந்த அடைப்பு எஞ்சினுக்கு வேண்டாம் என்பது சரி. ஆனால் புகை வேகமாக வெளியேறும்போது பின்னால் ஓர் உறிஞ்சல் உண்டாகி, அடுத்த புது மூச்சை உள்ளே இழுக்க உதவும். குழாய் ரொம்ப அகலமானால் புகையின் வேகம் விழுந்து, குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். வடபழனி சிக்னலில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடையில் வாழ்கிற நமக்குக் குறைந்த சுற்று இழுவைதான் சோறு. யமஹா ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருக்கிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறு, கூம்பு, நீளம் எல்லாம் எஞ்சினின் ஒரு பாகம் மாதிரி. வெளியே ஓடப்பார்க்கிற புதுப் பெட்ரோல் காற்றை அலையால் திருப்பி அடித்து உள்ளே தள்ளுவது அதுதான். கண்ணுக்கு அழகான ஏதோ ஒன்றைப் போட்டால் வண்டியின் உயிர் போய்விடும்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 என்ற புகை வரம்பு வண்டி என்றால், புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பில் இருக்கிறதா, சைலன்சருக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டு எந்தக் குழாயையும் மாட்டாதீர்கள். நம் பின்னால் நிற்கிற ஸ்கூட்டியில் ஒரு குழந்தை அந்தப் புகையைத்தான் மூச்சிழுக்கிறது. பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சர் ஒன்றும் இருக்கும். அதற்கு முன்னால் எங்காவது காற்று கசிந்தால் சென்சர் ஏமாந்து பெட்ரோலை அதிகம் ஊற்றவைக்கும், மைலேஜ் விழும். என்னுடையது மாதிரி கார்ப்ரேட்டர் வண்டி என்றால் சைலன்சர் திறந்ததும் காற்றோடு சேர்கிற கலவையில் பெட்ரோல் குறையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், காபிப்பொடி நிறம் நல்லது, வெள்ளையாக வெந்திருந்தால் கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டதும் வருகிற பட்டாசுச் சத்தத்தைப் பையன்கள் ரசிக்கிறார்கள். எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய் எரிகிற சத்தம் அது.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2)-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். சில மாடல்களுக்கு வண்டிக் கம்பெனிகளே ஆக்சஸரி சைலன்சர் விற்கின்றன. மாற்றியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள், உங்கள் மாடலுக்குச் சத்த வரம்புக்குள் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அக்கா பையனுக்கும் கடைசியில் அதைத்தான் வாங்கினோம்.

கடையில் கேட்காதீர்கள், ஓட்டிக் கேளுங்கள்

நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சினுக்குச் சுமை கிடையாது. சுமை இல்லாத சத்தமும், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறுகிற சத்தமும் ஒன்றே அல்ல. வண்டிக்குப் பின்னால் நின்று கேட்கிறவன் வேறு, மேலே உட்கார்ந்து ஓட்டப்போகிறவன் வேறு. அதனால் நண்பர் யாராவது அதே சைலன்சர் வைத்திருந்தால் அவர் வண்டியை ஒரு காலைக்குக் கேளுங்கள்.

நாங்கள் போன வழி இது. காலை ஆறரைக்கு மத்திய கைலாஷில் ஆரம்பித்து ஓ.எம்.ஆரில் சோழிங்கநல்லூர் வரை. 50, 60, 70 என்று ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து நிமிஷம் ஆடாமல் பிடித்தோம். ஏதோ ஒரு வேகத்தில் ஊஊ என்று எழும், கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ அடங்கும். எல்லா சைலன்சருக்கும் அப்படி ஒரு வேகம் உண்டு. அது நீங்கள் தினமும் போகிற வேகமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் வேண்டும். அக்கா பையன் தினமும் ஒரகடம் போகிறவன், 65-இலிருந்து 70-க்குள் ஓட்டுவான். முதலில் பார்த்த ஸ்லிப்-ஆன், அதாவது பெண்ட் பைப்பில் அப்படியே செருகுகிற சைலன்சர், சரியாக 68-இல் எழுந்தது. வேண்டாம் என்றோம். சோழிங்கநல்லூரில் திரும்பி ஈ.சி.ஆர். பிடித்து முட்டுக்காடு போய், டீ குடித்து, திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்து ஃபேனை நிறுத்திவிட்டு அமைதியாக உட்கார்ந்து காதுக்குள் கொய்ங் என்று கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கேட்டால் அது காது தருகிற எச்சரிக்கை. அதை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

பின்சீட்டில் உட்காரப்போகிறவரையும் ஒரு முறை கூட்டிப்போங்கள். சைலன்சர் வாய்க்கு மிக அருகில் இருப்பது அவர் காது. ஓடும்போது சாதாரணக் குரலில் ஏதாவது கேட்கச் சொல்லுங்கள். 40 கி.மீ. வேகத்தில் அது உங்களுக்குப் புரியவில்லை என்றால் அந்த சைலன்சரை விட்டுவிடுங்கள். நான் எந்த மீட்டரைவிடவும் இதை நம்புகிறேன். அவர் வலது கால் எங்கே படுகிறது என்றும் பாருங்கள். நம் ஊரில் வலது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இல்லாத வீடு குறைவு. ஹீட் ஷீல்ட் இல்லாத சைலன்சர், குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

கடைசியாக உங்கள் தெருவுக்குள், இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரு முறை. எங்கள் சந்து இரண்டு ஆட்டோ விலக முடியாத அகலம், இரண்டு பக்கமும் மூன்று மாடி. அடித்த சத்தம் போக இடமில்லாமல் சுவருக்குச் சுவர் மோதி நிற்கும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை விதி சொல்வது 45 டெசிபல். ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 40. நான் கச்சேரி முடித்து வருகிற வழியில் கோஷா ஆஸ்பத்திரி இருக்கிறது. அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் உள்ளே தூங்கும். அந்தக் குட்டைக் குழாயோடு இரண்டு மாதம் நான் அந்த வாசலைக் கடந்திருக்கிறேன். இன்றும் அந்த இடம் வந்தால் கை தானாக ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது.

மாட்டும்போதும் பிறகும்

மாட்டுவதற்கு முன் சைலன்சரைச் சும்மா பிடித்துப் பார்த்து, பின் ஆக்சிலை உருவ இடம் விடுகிறதா என்று சரிபாருங்கள். பஞ்சர் ஒட்ட வேண்டிய நேரத்தில் சைலன்சரையும் கழற்றவைக்கிற மாடல்கள் இருக்கின்றன. சில வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் வந்து முட்டி நிற்கிற ரப்பர் கட்டை சைலன்சரில்தான் இருக்கும். புதியதில் அது இல்லையென்றால் ஸ்டாண்ட் மேலே போய் வேறு எதையாவது இடிக்கும்.

எல்லா நட்டையும் கைவிரலால் மட்டும் ஏற்றுங்கள். எஞ்சின் வாயிலிருக்கிற இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முதலில் முறுக்குங்கள், அப்புறம் கிளாம்ப், அப்புறம் பிராக்கெட். தலைகீழாகச் செய்தால் குழாய் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒரு மாதத்தில் கேஸ்கெட் ஊதும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கைரேகை எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், சூடேறினால் அந்த எண்ணெய்க் கறை குரோமில் அப்படியே பதிந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் நன்றாக ஆறியதும், எல்லா நட்டையும் இன்னொரு முறை பாருங்கள்.

சைலன்சரின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் அடைக்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போய்வருகிற ஓட்டத்தில் குழாய் முழுசாகச் சூடேறாமல் அது உள்ளேயே தங்கும், அந்த ஓட்டை வழியாக வடியும். அடைத்தால் உள்ளிருந்தே துரு. கடற்காற்று வெளியிலிருந்து செய்கிற வேலை தனி. வாரத்துக்கு ஒரு நாளாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். கிளாஸ்வுல் வகை என்றால் பஞ்சு நாளாக நாளாக வெந்து பறந்துவிடும். சத்தம் மெல்ல மெல்லக் கூடுவதும் உடல் வழக்கத்தைவிடச் சுடுவதும் அதன் அறிகுறி. மாற்றும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம், அந்த இழை தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும்.

கழற்றிய ஒரிஜினலைக் கடையில் விட்டுவராதீர்கள், நான் செய்தது அது. உள்ளே ஈரம் காய்ந்த பிறகு இரண்டு வாயையும் துணியால் அடைத்து, வெளியே கொஞ்சம் எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போடுங்கள். கழற்றிய தேதியும் அன்றைய கிலோமீட்டரும் ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். நட்டுகளையும் ரப்பர் புஷ்ஷையும் ஒரு கவரில் கட்டி அதோடு சேர்த்து வையுங்கள், புதுப்பேட்டையில் சைலன்சர் கிடைத்துவிடும், அந்த புஷ்ஷுக்குத்தான் நான் மூன்று சனிக்கிழமை அலைந்தேன்.